பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் சுருக்குமடி: உச்ச நீதிமன்றம் தந்தது எவ்வளவு, தராதது எவ்வளவு?

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“ஐயா, இருபத்திரண்டு குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கிய விசைப்படகு எங்களுடையது. திங்களும் வியாழனும் சுருக்குமடி வலையில் தொழில் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த வலையை மறுபடியும் படகில் ஏற்றினோம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டு மைலுக்கு வெளியே மத்தி வளைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. இரவு ஏழரை மணிக்குக் கரையிலிருந்து நான்கு மைலில் வந்துகொண்டிருந்தபோது அதிகாரிகள் படகைப் பிடித்து, வலையையும் மீனையும் எடுத்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் அனுமதித்ததை மாநில அதிகாரி தடுக்கலாமா? பன்னிரண்டு மைலுக்கு அப்பால் மத்திய அரசின் கடல்தானே? நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாமா? அமெரிக்காவில் மீனவர்கள் வழக்குப் போட்டு அதிகாரிகளின் அதிகாரத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று என் மகன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டுகிறான். அது நமக்கு உதவுமா?”

அன்புள்ள ஐயா,

அவமதிப்பு வழக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்காகத்தான் ஊரில் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து தெரிகிறது. அந்த வழக்கைப் போட வேண்டாம். உங்கள் படகையும் வலையையும் மீட்பதற்கான வழி டெல்லியில் இல்லை. மாவட்டத்தில் மீன்வளத் துறை அதிகாரி முன் நடக்கப்போகும் விசாரணையில்தான் இருக்கிறது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பக்கத்தைக் கயிற்றால் சுருக்கி அள்ளும் பெரிய வலைதான் சுருக்குமடி. தமிழ்நாட்டில் அந்த வலைக்கான தடை 2000ஆம் ஆண்டிலிருந்தே இருந்து வருகிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தத் தடையை 2022 பிப்ரவரி 17ஆம் தேதியிட்ட அரசாணை மீண்டும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் இதை எதிர்த்து நடந்த வழக்கில், 2023 ஜனவரி 24 அன்று நீதிபதிகள் ஏ.எஸ். போபண்ணா, சுதான்ஷு தூலியா ஆகியோர் அடங்கிய அமர்வு ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. தமிழ்நாட்டின் கரையோரக் கடற்பரப்பைத் தாண்டி, அதாவது 12 கடல் மைலுக்கு அப்பால், 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலத்துக்குள், சுருக்குமடி வலையைக் கட்டுப்பாடுகளோடு பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். ஊரில் இது ‘தடை உடைந்தது’ என்று பேசப்பட்டது. உடையவில்லை. 2022 அரசாணையை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. வழக்கின் இறுதி முடிவுக்கு உட்பட்டு, ஓர் இடைக்கால ஏற்பாடாக, அந்த அரசாணையில் ஒரு சிறு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது.

அந்த வாசலின் அளவு மிகக் குறுகியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற படகுகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே போக வேண்டும். காலை 8 மணிக்கு முன் கரையை விட்டுக் கிளம்பக் கூடாது, அதே நாள் மாலை 6 மணிக்குள் குறிப்பிட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கண்காணிப்புக் கருவி படகில் பொருத்தப்பட்டு, பயண நேரம் முழுவதும் இயங்க வேண்டும். படகில் இருக்கும் ஒவ்வொருவரும் பயோமெட்ரிக் அட்டையோ புகைப்பட அடையாள அட்டையோ வைத்திருக்க வேண்டும். துறை தரும் வண்ணக் குறியீட்டையும் படகின் எண்ணையும் வெளியே தெரியும்படி காட்ட வேண்டும்.

இந்த நேரக் கட்டுப்பாடு தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்ததுபோல் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 12 கடல் மைல் என்பது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு போவதற்கும் வருவதற்கும் மூன்று மணி நேரத்தைச் செலவிட்டால், மீன் கூட்டத்தைத் தேடி, வளைத்து, அள்ளி முடிக்க ஏழு மணி நேரமே மிச்சம். மத்தி திங்கட்கிழமை பார்த்து மேலே வருவதில்லை. ஆனால் நீதிமன்றத்தின் முன் நீங்கள் மட்டும் நிற்கவில்லை. கரையோரத்தில் செவுள் வலையும் தூண்டிலும் கொண்டு பிழைக்கும் சிறு படகுக்காரர்களின் வாழ்வாதாரமும் அந்த வழக்கில் இருந்தது. நிபுணர் குழு ஒன்றின் பரிந்துரையைக் காட்டி, கட்டுப்பாடுகளோடு சுருக்குமடியை அனுமதிக்கலாம் என்ற நிலைப்பாட்டை மத்திய அரசு எடுத்தது. தடை முழுமையாகத் தொடர வேண்டும் என்று மாநில அரசு நின்றது. இரண்டுக்கும் நடுவே நீதிமன்றம் நாளையும் நேரத்தையும் கொண்டு ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு வசதியாக இல்லை என்பது, அதை மாற்றித் தரும்படி உச்ச நீதிமன்றத்திலேயே மனுச் செய்வதற்குக் காரணமாகலாம். மீறியதற்குச் சமாதானமாகாது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தடை என்பது பொது விதி. உச்ச நீதிமன்றம் தந்தது நிபந்தனையோடு கூடிய விலக்கு. நிபந்தனைகளுக்குள் நிற்கும் வரை அந்த விலக்கு உங்களைக் காக்கும். அவற்றுள் ஒன்று தவறினாலும் விலக்கு விலகிக்கொள்ளும், 2022 அரசாணை முழு வலிமையோடு உங்கள் மீது பாயும். இரவு ஏழரை மணிக்குச் சுருக்குமடி வலையோடு கரையிலிருந்து நான்கு மைலில் இருந்த படகைப் பார்த்த அதிகாரிக்கு, இந்தப் படகு பன்னிரண்டு மைலுக்கு வெளியே வலை வீசியதா, இங்கேயே வீசியதா என்று தெரிய வழியில்லை. சந்தேகப்படுவதற்குச் சட்டப்படியான காரணம் அவரிடம் இருந்தது, படகைச் சோதனையிடவும் பிடித்து வைக்கவும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆகவே பிடித்தது தவறு என்று வாதாடி நேரத்தை வீணாக்காமல், பிடித்த பிறகு எடுக்கப்போகும் முடிவு சரியாக அமைய என்ன காட்ட வேண்டும் என்பதில் கவனத்தை வையுங்கள்.

பன்னிரண்டு மைலுக்கு அப்பால் மத்திய அரசின் கடல் என்று நீங்கள் சொல்வது அடிப்படையில் சரி. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ‘மீன்வளம்’ மாநிலப் பட்டியலில் 21ஆம் பதிவாகவும், கரையோரக் கடற்பரப்புக்கு அப்பாலான மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57ஆம் பதிவாகவும் இருக்கின்றன. 1993இல் கேரள அரசுக்கும் சுருக்குமடிப் படகு உரிமையாளர்களுக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் தடையை முழுமையாக ஏற்றுக்கொண்டது. அங்கே தடை செய்யப்பட்டிருந்தது கரையோரக் கடற்பரப்புக்குள் அந்த வலைகளைப் பயன்படுத்துவதுதான். பாரம்பரிய மீனவரின் பிழைப்பைக் காப்பது அரசின் கடமை என்றும், தொழில் செய்யும் அடிப்படை உரிமையின் மீது அதற்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்ன அந்தத் தீர்ப்பு இன்றும் சட்டமாகவே நிற்கிறது. எனவே பன்னிரண்டு மைலுக்கு உள்ளே சுருக்குமடிக்கு உரிமை கேட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்தத் தீர்ப்பு உங்கள் எதிரே வந்து நிற்கும்.

மாநிலத்தின் கை எதுவரை நீளும் என்பதை இன்னும் கூர்மையாகச் சொன்னது 2013 ஜனவரி 18 அன்று வந்த ‘என்ரிகா லெக்ஸி’ தீர்ப்பு. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இரண்டு மீனவர்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சம்பவம் நடந்த இடம் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தொலைவில், கரையோரக் கடற்பரப்புக்கு வெளியே இருந்ததால், அதை விசாரிக்கும் அதிகாரம் கேரள அரசுக்கு இல்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் எந்த வலை வீசலாம் என்பதை மாநில அரசாணை தீர்மானிப்பதில் சட்டச் சிக்கல் இருக்கிறது என்பதே என் கருத்து. மத்திய அரசு தன் பொருளாதார மண்டலத்தில் இழுவலையை இரண்டு படகுகள் சேர்ந்து இழுப்பதையும், விளக்கு வெளிச்சத்தில் மீன் பிடிப்பதையும் 2017 நவம்பரில் தடை செய்தது. சுருக்குமடியை அந்தத் தடைக்குள் கொண்டுவரவில்லை.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. உங்கள் படகு பதிவு பெற்றது தமிழ்நாட்டில், கிளம்புவதும் மீன் இறக்குவதும் தமிழ்நாட்டுத் துறைமுகத்தில், போகவும் வரவும் கடந்தாக வேண்டியது தமிழ்நாட்டின் பன்னிரண்டு மைலை. தன் கடற்பரப்பில் எந்த வலையோடு ஒரு படகு ஓடலாம் என்று கேட்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லையென்று சொல்வது எளிதல்ல. வெளியே அனுமதிக்கப்பட்ட வலையை உள்ளே எடுத்துச் செல்வதைத் தடுத்தால் வெளியே தந்த உரிமை வெறும் காகிதமாகிவிடும். உள்ளே தாராளமாக விட்டால் உள்ளே இருக்கும் தடை காகிதமாகிவிடும். 2023 உத்தரவில் உள்ள நேரமும் கண்காணிப்புக் கருவியும் வண்ணக் குறியும் இந்த முடிச்சைச் சமாளிக்கத்தான் வந்தன என்று நான் புரிந்துகொள்கிறேன். இடைக்கால உத்தரவு என்பதால் அது சட்டக் கேள்வியைத் தீர்த்துவைக்கவில்லை. பின்னால் வரும் வழக்குகளில் முன்னுதாரணத் தீர்ப்பாக அதை நீட்டவும் முடியாது. ஆகவே நீங்கள் அதன் ஒவ்வொரு நிபந்தனையையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் மட்டுமே அது உங்களுக்குப் பயன்படும். விசாரணைக்குப் போகும் முன் அந்த உத்தரவு இன்றைய தேதியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் வழக்கறிஞர் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் சரிபார்த்து, பிரதியை எடுத்துவைக்கட்டும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மைல் என்பது உங்கள் ஊர்க் கரையிலிருந்து அளக்கும் தூரம் அல்ல. 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டப்படி அது ‘அடிப்படைக் கோட்டிலிருந்து’ அளக்கப்படுகிறது. அந்தக் கோட்டுக்கான புள்ளிகளை மத்திய அரசு 2009இல் அறிவித்திருக்கிறது. கோடு சில இடங்களில் கரையை ஒட்டியும் சில இடங்களில் கரையை விட்டு விலகியும் போகலாம். ஜிபிஎஸ்ஸில் துறைமுக வாயிலைக் குறித்துவைத்து அங்கிருந்து பன்னிரண்டு எண்ணும் படகோட்டி, தான் வெளியே இருப்பதாக நம்பிக்கொண்டே உள்ளே வலை வீசக்கூடும். கடல் வரைபடத்தில் உங்கள் பகுதிக்கான எல்லைக் கோட்டை மீன்வளத் துறையிடமே எழுத்து மூலம் கேட்டு வாங்கி, அதன் புள்ளிகளைக் கருவியில் ஏற்றிக்கொள்ளுங்கள்; இரண்டு மைல் கூடுதலாகப் போவதால் ஆகும் டீசல் செலவு, ஒரு வழக்கின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் வழக்கு. இரண்டு விஷயங்களை நீங்கள் நிறுவ வேண்டும்: வலை வீசியது எல்லைக்கு வெளியே என்பதையும், தாமதம் உங்கள் கையில் இல்லை என்பதையும். முதலாவதற்குக் கண்காணிப்புக் கருவியின் பதிவைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அன்று பிற்பகல் ‘சிறிது நேரம்’ கருவி வேலை செய்யவில்லை என்று கடிதத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது அந்த வரிதான். இஞ்சின் நின்றபோது பேட்டரி இறங்கியதால் கருவியும் நின்றது என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததைப் பதிவு காட்டும், அது உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும். வலை வீசிய நேரத்தில் கருவி நின்றிருந்தால், வேண்டுமென்றே அணைத்ததாகத்தான் அதிகாரி எடுத்துக்கொள்வார், உயர் நீதிமன்றமும் அதில் எளிதில் தலையிடாது. அதனால் யாரிடமும் வாதம் பேசும் முன், அந்த நாளின் முழுப் பதிவையும் துறையிடமிருந்து எழுதிக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள்.

தாமதத்துக்கு, பழுது பார்த்த மெக்கானிக்கின் ரசீது, மாற்றிய உதிரிபாகத்தின் பில், அந்த நேரத்தில் கரைக்கோ பக்கத்துப் படகுக்கோ நீங்கள் பேசியதற்கான சான்று ஆகியவை வேண்டும். விஎச்எஃப் வானொலிக் கருவியில் கடலோரக் காவல்படையையோ, 1554 அல்லது 1093 என்ற கடல் உதவி எண்களையோ அன்று அழைத்திருந்தீர்களா? அழைத்திருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது. அழைக்கவில்லை என்றால், உதவிக்கு வந்த படகின் ஓட்டுநரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். ஆனால் அதே ஊரைச் சேர்ந்தவரின் வாக்குமூலத்துக்கு எவ்வளவு எடை கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பிடிபட்ட மத்தியை ஏலம் விட்டிருப்பார்கள். எவ்வளவு எடை, என்ன விலை, தொகை எங்கே கட்டப்பட்டது என்பதற்கான பதிவின் நகலையும் கேட்டுப் பெறுங்கள், ஏனெனில் முடிவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

அவமதிப்பு வழக்கு ஏன் கூடாது என்பது இப்போது விளங்கியிருக்கும். நீதிமன்ற உத்தரவை ஒருவர் தெரிந்தே, வேண்டுமென்றே மீறினால்தான் அது அவமதிப்பு. மாலை 6 மணிக்குப் பின் வந்த படகை நிறுத்திய அதிகாரி உத்தரவை மீறவில்லை. தாள்களை மட்டும் பார்த்தால், மீறியவர் நீங்கள் என்றுகூட ஒரு நீதிபதி கேட்கலாம். அதே உத்தரவில் உள்ள நிபந்தனையைக் காப்பாற்றாத ஒருவர் அதே உத்தரவின் பேரில் மற்றவரைத் தண்டிக்கக் கேட்பதை எந்த நீதிமன்றமும் விரும்பாது. துறை அதிகாரியின் முடிவு பாதகமாக வந்தால் சட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. அதைத் தாண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுச் செய்வது அதற்கு அடுத்த படி. அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் ‘மாற்று வழி இருக்கிறதே’ என்ற ஒரே காரணத்தால் மனு திரும்பிவிடும்.

உங்கள் மகன் காட்டிய அமெரிக்கச் செய்தி பொய்யல்ல, ஆனால் அது சொல்வது வேறு. அட்லாண்டிக்கில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுகள், அரசு விதிப்படி படகில் ஏற்றப்படும் கண்காணிப்பாளருக்குத் தாங்களே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 2020இல் ஒரு விதி வந்தது. நாளொன்றுக்கு 710 டாலர் வரை செலவாகும் என்று கணக்கிடப்பட்டது. யார் சம்பளம் கொடுப்பது என்று அந்த மீன்பிடிப்பைப் பற்றி மூலச் சட்டத்தில் தெளிவாக எதுவும் இல்லை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் துறை தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற, 1984 முதல் இருந்துவந்த கோட்பாட்டை வைத்துக் கீழ் நீதிமன்றங்கள் மீனவர்களைத் தோற்கடித்தன. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டு, சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதிகளின் வேலை என்று தீர்ப்பளித்தது. சம்பள விதி செல்லுமா செல்லாதா என்பதை அது முடிவு செய்யவில்லை. வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்களுக்குத் திருப்பி அனுப்பியது. நம் நாட்டில் சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்வது எப்போதும் நீதிமன்றம்தான். உங்கள் வழக்கிலோ எந்தச் சட்ட வாசகத்தின் பொருளிலும் சண்டை இல்லை, ஏழரை மணி ஆறு மணிக்குப் பிந்தியதா என்பதில் இரண்டு விளக்கம் சொல்ல இடமும் இல்லை. அந்தத் தீர்ப்பை விசாரணையில் எடுத்துப் பேச வேண்டாம்.

இனிமேல் கடலுக்குப் போகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொருளாதார மண்டலத்தில் மீன் பிடிப்பதற்கான புதிய விதிகளை மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. அவற்றின்படி அந்த மண்டலத்தில் தொழில் செய்யும் விசைப்படகுகள் ‘ரியல்கிராஃப்ட்’ இணையதளம் வழியாக அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். மாநிலப் பதிவும் உச்ச நீதிமன்ற உத்தரவும் கையில் இருப்பதால் இந்தச் சீட்டுத் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கும் அந்த உத்தரவு விலக்குத் தரவில்லை.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். இருபத்திரண்டு குடும்பங்களின் பணம் போட்ட படகின் பதிவுச் சான்றிதழில் எத்தனை பேரின் பெயர் இருக்கிறது? ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் ஒருவரே உரிமையாளர். அபராதமும் அவருக்கு, படகு மீட்கப்பட்டால் படகும் அவருக்கு. ‘என்ரிகா லெக்ஸி’ வழக்கு 2021 ஜூனில் முடிவுக்கு வந்தபோது இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயில் இறந்த இருவரின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும், படகு உரிமையாளருக்கு 2 கோடியும் ஒதுக்கப்பட்டன. அதே படகில் உயிர் தப்பிய மீனவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அவர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான், உரிமையாளருக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து தலா 5 லட்சம் ரூபாய் பெறும் உத்தரவை 2022 நவம்பரில் வாங்க முடிந்தது.

உங்கள் ஊரில் பங்கு என்பது பஞ்சாயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நீதிமன்றத்துக்கு அது தெரியாது. ஆகவே விசாரணைக்கு முன்பே, ஒவ்வொரு குடும்பத்தின் பங்கையும் குறித்து, இழப்பும் அபராதமும் எப்படிப் பிரியும் என்பதையும் எழுதி, முத்திரைத்தாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதன் நகலோடு, பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம், அன்று கிளம்பும்போது வாங்கிய டோக்கன், படகில் இருந்தவர்களின் அடையாள அட்டைகள், இஞ்சின் பழுது பார்த்த ரசீது, கண்காணிப்புக் கருவியின் பதிவு ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, நோட்டீஸில் குறிப்பிட்டிருக்கும் தேதிக்கு முன்னதாகவே எழுத்து மூலமான பதிலை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புதலை வாங்கிவிடுங்கள்.